சீட்டின் பின்பக்கம்

ஜூன் 14

அன்பும் அரிப்பும் நிறைந்த ஆமைக்கு,

கொசு எழுதிக்கொள்வது. கொசு கடித்தால் தடிப்பு, கொசு எழுதினால் கடிதம். இரண்டுக்கும் சொறிந்துகொள்ள வேண்டியவள் நீதான்.

நீ போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. உன்னை அந்த நுழைவுத் தேர்வுப் பயிற்சி விடுதியில் விட்டுவிட்டு வந்த பெரியப்பா, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என்னைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வருஷத்துக்கு அவளுக்கு போன் கிடையாது. நீயும் தொல்லை பண்ணாதே" என்றார். வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கிறவர் அல்லவா, என் முகத்தையும் ஒரு முறை குனிந்து பார்த்து அளவு குறித்துக்கொண்டார். கடிதம் போடலாமா என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் மட்டும் போடலாமாம், வார்டன் பிரித்துப் பார்த்துத்தான் கொடுப்பாராம். நான் உன் சித்தி மகள். இதைவிடச் சொந்தம் வேண்டுமென்றால் உனக்கு இன்னொரு தலை முளைக்க வேண்டும். வார்டன் அம்மாவுக்கும் என் வணக்கம்.

நீ இல்லாமல் நம் நாவல் பரிந்துரைச் சீட்டுக் கம்பெனி ஒற்றைக் காலில் நிற்கிறது. பேருந்துப் பணிமனைக்கு எதிரே இருக்கும் நூலகத்தின் மாயக்கதை அலமாரிக்கு இப்போது நான் ஒருத்தியே பொறுப்பு. நேற்று கண்டக்டர் வந்து, காலம் பின்னால் ஓடும் நாவல் முடிந்துவிட்டது, அடுத்து என்ன என்றார். மூன்று நிலா உள்ள உலகத்தைக் கொடுத்தனுப்பினேன். எங்கள் ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து தைக்கிற தையல்காரர், டிராகன் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொன்னால்தான் புத்தகத்தைத் தொடுவேன் என்கிறார். பல் மருத்துவர் மட்டும் வழக்கம்போல, "நான் நிஜக் கதைதான் படிப்பேன்" என்று நகர்ந்துவிட்டார். வலிக்கவே வலிக்காது என்று ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கதை விடுகிறவர் அவர்.

விடுதிக் காற்று மறதி தரும் என்று கேள்விப்பட்டதால் நம் விதிகளை நினைவூட்டுகிறேன். சீட்டில் கதையைச் சொல்லக் கூடாது. யாருக்கு ஏற்ற நாவல் என்று சொல்ல வேண்டும். ஒரு குறையாவது எழுத வேண்டும், குறை சொல்லாத பரிந்துரை வெறும் விளம்பரம். படித்தவர் சீட்டின் பின்பக்கத்தில் அந்தக் குறையை ஒப்புக்கொண்டோ மறுத்தோ எழுதித் திருப்பித் தர வேண்டும்.

இதோ உனக்கான சீட்டு:

நாவல்: கதவுகள் தூங்கும் ஊர்.
யாருக்கு: உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கு.
குறை: கடைசி அத்தியாயத்தில் அவசரம்.

இப்படிக்கு,
நாலு மாதம் சின்னவள், நாலு அங்குலம் பெரியவள்,
கொசு

பி.கு. பெயருக்குப் பின்னால் அக்கா என்று ஏன் போடுவதில்லை என்று பெரியம்மா கேட்டார். நாலு மாதத்துக்கெல்லாம் பட்டம் கொடுத்தால் பட்டத்துக்கு என்ன மரியாதை?


ஜூன் 27

கொசுவுக்கு,

உன் கடிதம் ஓரம் வெட்டப்பட்டு வந்தது. வார்டன் கத்தரியால் வெட்டி உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று உதறிப் பார்க்கிறார், படிப்பதாகத் தெரியவில்லை. நாங்கள் எழுதுவதை யாரும் பிரிப்பதில்லை, வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டால் போய்விடும்.

நாற்பது கட்டில். என்னுடையது இருபத்து மூன்று. ஜன்னலுக்குக் கொண்டி இருக்கிறது, அதைத் திறக்க அனுமதி இல்லை. மணி அடித்தால் எழுந்திருக்கிறோம், மணி அடித்தால் உட்காருகிறோம். படிக்கும் கூடத்தில் நீள பெஞ்சு. நான் காலை ஆட்டினால் அந்த பெஞ்சில் இருக்கும் ஆறு பேருடைய எழுத்தும் கோணுகிறது. இருபத்து நாலாம் கட்டில்காரி நேற்று மெதுவாக, "உன் காலுக்கு ஒரு ஆஃப் பட்டன் வாங்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

நான் கொண்டுவந்த மூன்று நாவல்களையும் வார்டன் முதல் நாளே வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். தேர்வு முடிந்ததும் கிடைக்கும். அந்தத் தலையணை தடிமன் தொடரில் ஐந்தாம் பாகத்தில் இருந்தேன். இளவரசி பாலத்தின் நடுவில் நிற்கிறாள். ஒரு வருடம் அப்படியே நிற்க வேண்டும், பாவம், கால் கடுக்கும்.

மாதத்தில் இரண்டாம் ஞாயிறு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை வெளியே விடுவார்கள். அதற்காக எல்லோரும் துணி துவைத்து மடித்துக் காத்திருக்கிறார்கள். நான் உன் நாவலைத் தேடப் போகிறேன். கிடைத்தால் தலையணை உறைக்குள் இருக்கும், அலமாரிக்குப் போகாது. உன் சீட்டு இதுவரை குறி தப்பியதே இல்லை.

உனக்கு அக்காவாக இல்லாவிட்டாலும் முன்பு பிறந்த,
ஆமை


ஜூலை 4

ஓட்டுக்குள் ஒடுங்கிய ஆமைக்கு,

நீ தேடப் போகிறாய் என்று படித்ததும் கடையில் இருந்த லேமினேஷன் மெஷினைவிட நான் சூடாகிவிட்டேன். கவனமாகக் கேள். இந்த நாவல் பெரிய கடைகளில் கண்ணாடிக்குள் நிற்கிற ஜாதி இல்லை. பழைய புத்தகக் கடைகளில், அடியில் இருந்து மூன்றாவது அடுக்கில், முதுகு கிழிந்து கிடக்கும். எந்தக் கடைக்காரரும் முதலில் இல்லை என்றுதான் சொல்வார். விடாதே. அடுத்த கடைக்குப் போ.

அடையாளத்துக்கு அட்டைப் படத்தின் நகல் வைத்திருக்கிறேன். வரிசையாகக் கதவுகள், எல்லாவற்றுக்கும் மூடிய இமைகள். அப்பாவின் மெஷினில் எடுத்ததால் நீலம் கறுப்பாகிவிட்டது. மை தீர்கிறது என்று அப்பா புலம்பினார். கல்விச் செலவு என்றேன். "யாரோட கல்வி?" என்றார். நல்ல கேள்வி, விடை தெரியாது.

ஒரு விஷயம் சொல்லத் துடிக்கிறது. சொல்ல மாட்டேன். நீ நாவலைத் தேடிவிட்டு எழுது, பிறகு சொல்கிறேன். இங்கே மாடியில் உன் அறை விளக்கு எரிவதில்லை என்பதால் என் கழுத்துக்கு நல்ல ஓய்வு.

கடிப்பதற்குக் காத்திருக்கும்,
கொசு


ஜூலை 19

கொசுவுக்கு,

படித்துவிட்டேன். சீட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பின்பக்கத்தில் எழுதியதையே இங்கேயும் எழுதுகிறேன்: குறையை ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் அவசரம்தான். அந்தக் காவல்காரக் கதவு வரும் இடம் பிடித்தது.

அடுத்த மாதம் வெளியே போகப் போவதில்லை. பாடம் அதிகம். பெரியவர்களிடம் நான் நன்றாக இருப்பதாகச் சொல்.

ஆமை


ஜூலை 24

மதிப்புக்கும் மாலைக்கும் உரிய மகா வாசகி ஆமைக்கு,

உன் கடிதத்தைக் கடையில் நின்றுகொண்டே படித்தேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் என் சிரிப்பைப் பார்த்துத் தங்கள் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

படித்தாயா? காவல்காரக் கதவு பிடித்ததா? அடியே ஆமை, அப்படி ஒரு நாவலே கிடையாது. தலைப்பு என்னுடையது. குறை என்னுடையது. அட்டைப் படம் நான் வரைந்தது, அந்த இமைகளுக்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. நூலகர்கூட ஒரு வாரம் பட்டியல் முழுவதும் தேடிவிட்டு, "வெளியூர்லேர்ந்து வரவழைக்கணும் போல" என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் அவர் படித்ததாகச் சொல்லவில்லை. அந்தப் பெருமை உனக்கு மட்டும்தான்.

நம் விதியே என்னைக் காப்பாற்றியது பார். கதையைச் சொல்லக் கூடாது என்பதால் நான் கதையை உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. உனக்கும் படிக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. இத்தனை வருடமாக எத்தனை சீட்டின் பின்பக்கத்தை இப்படி நிரப்பியிருக்கிறாய்?

வெற்றிக் களிப்பில்,
கொசு


ஆகஸ்ட் 8

ஆமைக்கு,

பதினைந்து நாள் ஆயிற்று. நீ ஆமைதான், அதற்காகப் பதிலும் ஆமை முதுகில் ஏறியா வர வேண்டும்?

கோபமா? கோபம் என்றால் கோபம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு, சட்டம் போட்டுக் கடையில் மாட்டுகிறேன். தையல்காரருக்கு டிராகன் கிடைத்துவிட்டது, நூற்றுப் பதினாலாம் பக்கம். அதிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறார். கண்டக்டர் மூன்று நிலாவில் இரண்டாவதோடு நிற்கிறார். எனக்கு எதுவும் ஓடவில்லை. ஒரு நாவலை எடுக்கிறேன், பத்துப் பக்கத்தில் வைக்கிறேன், வேறொன்றை எடுக்கிறேன். நேற்று நூலகத்தில் ஏழு புத்தகத்தின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுத் திரும்பினேன். கடைக்கும் மாடிக்கும் எத்தனை படி என்று இப்போது தெரியும். முப்பத்தொன்று.

அந்தக் கேள்வியை வேண்டுமானால் அடித்துவிடு.

கொசு


ஆகஸ்ட் 17

அக்கா,

நேற்று பெரியம்மா கடைக்கு வந்தார். பல் மருத்துவமனையிலிருந்து நேராக, நர்ஸ் சீருடையோடு. ஒரு தாளை நீட்டி, "ஒரு காப்பி எடு. நீ ஒண்ணும் கேட்காதே, நானும் ஒண்ணும் சொல்லலை" என்றார். கண்ணாடி மேல் கவிழ்ப்பதற்குள் படித்துவிட்டேன். பெரியப்பாவின் கையெழுத்து. "எங்கள் மகள் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதமாக வந்ததற்கும், பாடப் புத்தகம் வாங்கப் போனதாகப் பொய் சொன்னதற்கும், கதைப் புத்தகம் தேடி அலைந்ததற்கும் வருந்துகிறோம். மீண்டும் தவறினால் விடுதியிலிருந்து நீக்கச் சம்மதிக்கிறோம்."

பெரியம்மா ஒரு பிரதிதான் கேட்டார். நான் நாலு எடுத்துவிட்டேன். மெஷினை நிறுத்தத் தெரியவில்லை. அப்பா வந்து நிறுத்தினார்.

அதன் பிறகு பெரியம்மா சொல்லாமல் இருப்பதாகச் சொன்ன எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று மாதம் உனக்கு வெளியே போக அனுமதி இல்லை. யாரும் வந்து பார்க்கவும் முடியாது. என் கடிதத்தை வார்டன் படித்த பிறகுதான் நீ எதைத் தேடினாய் என்பதே அவருக்குத் தெரிந்ததாம். அதாவது, ஜூலையில் தாமதத்துக்கான ஒரு மாதத் தண்டனையோடு நீ தப்பித்திருந்தாய். நான் கடிதம் போட்டு மாட்டிவிட்டேன்.

வார்டன் அம்மா, இதை நீங்கள் முதலில் படிப்பீர்கள். தப்பு செய்தவள் நான். இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சொன்னேன். விடாதே என்றும் சொன்னேன். எனக்கு ஏதாவது தண்டனை இருந்தால் தபாலில் அனுப்பவும்.

அக்கா, வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உன் சித்தி மகள்


ஆகஸ்ட் 25

கொசுவுக்கு,

அக்கா என்று எழுதாதே. படித்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நாலு கடைக்குப் போனேன். முதல் கடையில் உன் அட்டைப் படத்தைக் காட்டினேன், இல்லை என்றார்கள். நீ சொன்னபடி விடவில்லை. இரண்டாவது கடையில் அடியிலிருந்து மூன்றாவது அடுக்கு முழுவதையும் தரையில் உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன், முட்டியில் இன்னும் தூசி இருக்கிறது போல இருக்கிறது. மூன்றாவது கடை மூடியிருந்தது. நாலாவது ஆற்றுக்கு அந்தப் பக்கம். அந்தக் கடைக்கார அம்மா படத்தைப் பார்த்ததும் கண்ணை மூடி, "அடடா, இது நல்ல நாவலாச்சே. ரெண்டு தடவை படிச்சிருக்கேன். போன மாசம்தான் ஒருத்தர் வாங்கிட்டுப் போனார்" என்றார். காவல்காரக் கதவு வரும் இடம் அருமை என்றும் அவர்தான் சொன்னார். அவருக்காக ஒரு சீட்டு நாம் அடிக்க வேண்டும்.

திரும்பும்போது தவறான பேருந்தில் ஏறினேன். உட்கார இடம் கிடைத்திருந்தும் நின்றுகொண்டே வந்தேன். விடுதியின் இரும்புக் கதவு பூட்டியிருந்தது. பாடப் புத்தகம் என்று சொன்னேன், வெறும் கையோடு.

அதன் பிறகு உனக்கு என்ன எழுதுவது? உன் சீட்டு முதல் தடவையாகத் தப்பிவிட்டது என்றா, நான் தோற்றுவிட்டேன் என்றா? உன் சீட்டு தப்பும் என்று தோன்றவே இல்லை. அதனால் படித்துவிட்டேன் என்று எழுதினேன். அந்த அம்மா படித்திருந்தால் நானும் படித்திருக்கலாம் அல்லவா.

உன் வெற்றிக் கடிதத்தை வார்டன் என்னை அலுவலக அறையில் நிற்கவைத்துப் படித்தார். சத்தமாக. மாலைக்கும் உரிய என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். முடித்துவிட்டு, "இல்லாத ஒண்ணுக்கா இவ்வளவு?" என்றார். கோபமாகக்கூட இல்லை. அப்போது அழவில்லை. உன் கடைசிக் கேள்வியை அவர் படித்தபோதுதான். எண்பத்தாறு சீட்டு, கொசு. எண்பத்தாறையும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் பின்பக்கத்தில் எழுதினேன். சிலதை உனக்காகவே படித்தேன், பிடிக்காமல்.

எண்பது நாளுக்கு மேலாக நான் ஒரு வரிக் கதைகூடப் படிக்கவில்லை. வேதியியல் புத்தகத்தில் கண் ஓடுகிறது, மனசு கட்டிலுக்குக் கட்டில் தாவுகிறது. இளவரசி பாலத்திலேயே நிற்கிறாள்.

மன்னிப்பெல்லாம் வேண்டாம். இனிப் பரிந்துரையும் அனுப்பாதே. அந்த நாவலை அனுப்பு. இருக்கிறது என்று சொன்னவள் நீ, கொண்டுவர வேண்டியவளும் நீ. இப்போது வரும் கடிதங்களை வார்டன் வரி விடாமல் படிக்கிறார். குடும்பச் செய்தி மட்டும்தான் உள்ளே வரும், கதை என்று தெரிந்தால் கிழித்துவிடுவார். அது உன் பாடு.

ஆமை


செப்டம்பர் 1

அன்புள்ள ஆமைக்கு,

இங்கே எல்லோரும் நலம், கதவுகளைத் தவிர. இது முழுக்க முழுக்கக் குடும்பச் செய்தி.

நம் பெரிய மாமா வீட்டில் போன செவ்வாய்க்கிழமை குளியலறைக் கதவு தூங்கிவிட்டது. மாமா உள்ளே. தாழ்ப்பாள் திறந்துதான் இருக்கிறது, ஆனால் கதவு அசையவில்லை. காதை வைத்துக் கேட்டால் குறட்டை. தச்சரைக் கூப்பிட்டால் அவர் தன் வீட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து, "என் நிலைமையே அப்படித்தான்" என்று கத்துகிறார். தெருவில் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் கண்ணயர்ந்திருக்கின்றன. மாமா இரண்டு நாள் சோப்போடு பேசிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை அத்தை கதவில் சாய்ந்து உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத ஒன்றை முணுமுணுத்தாள். கல்யாணமான முதல் வருடம் மாமாவின் ரேடியோ தானாக விழவில்லை, அவள்தான் போட்டு உடைத்தாள். கதவு கொட்டாவி விட்டது. திறந்தது. மாமா ஈரத் துண்டோடு நின்று கேட்ட முதல் கேள்வி, "வேணும்னேவா?" என்பதுதான்.

இப்படித்தான் விஷயம் தெரிந்தது. இந்தக் கதவுகளை எழுப்ப, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் இன்னும் இறுக்கிக்கொள்கின்றன. ஒரு கதவிடம் சொன்னது அடுத்த கதவுக்குச் செல்லாது. இப்போது ஊரில் எல்லோரும் தங்களிடம் மீதி என்ன இருக்கிறது என்று யோசித்தபடி நடக்கிறார்கள். ஒரு பேருந்து மூன்று நாளாகப் பயணிகளோடு நிற்கிறது, ஓட்டுநர் அவ்வளவு வெளிப்படையான மனிதர்.

மாமாவின் உடல்நிலை பற்றி அடுத்த கடிதத்தில்.

உறவினள்,
கொசு


செப்டம்பர் 14

கொசுவுக்கு,

உன் குடும்பச் செய்தி வந்து சேர்ந்தது. கிழியவில்லை.

வார்டன் என்னைக் கூப்பிட்டு, முகத்தில் எதையும் காட்டாமல், "உங்க மாமா வீட்ல தாழ்ப்பாளை மாத்தச் சொல்லு" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். அதற்குப் பிறகு வந்த உன் இரண்டு கடிதங்களும் காலையில் கொடுக்க வேண்டியவை, முந்தின நாள் மாலையே வெட்டப்பட்டு என் கட்டிலில் இருந்தன.  

உன் கடிதம் ஒன்றாம் கட்டிலில் தொடங்கி நாற்பதில் முடிகிறது. இருபத்து நாலாம் கட்டில்காரி மூன்று முறை வரிசையில் நின்றாள். பேருந்து ஓட்டுநரை யாராவது காப்பாற்ற வேண்டும் என்று கூடத்தில் கூட்டமே நடந்தது. அவருக்காக ஒவ்வொருத்தியும் தன்னிடமிருந்து ஒன்றைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். விதி அனுமதிக்குமா?

என்னிடம் ஒன்று இருக்கிறது. நான் கேட்டதால் நீ மாமாவைக் கொண்டுவந்தாய், நான் சும்மா வாங்கிக்கொள்ளக் கூடாது. சொல்கிறேன்.

எனக்கு இந்தப் படிப்பு பிடித்திருக்கிறது. மணியும் ஜன்னலும் பிடிக்கவில்லை. ஆனால் மின்னோட்டப் பாடம் பிடித்திருக்கிறது. பெரியப்பாவாக உனக்கு இருக்கும் என் அப்பா வீடு வீடாகக் குறித்துவரும் எண்களுக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று இப்போதுதான் தெரிகிறது. போன வாரத் தேர்வில் நாற்பது பேரில் மூன்றாவது. அப்பாவுக்குக்கூட எழுதவில்லை. அவருக்கு எழுதினால் உனக்குத் தெரியும், உனக்குத் தெரிந்தால் நான் அந்தப் பக்கம் போய்விட்டேன் என்று நினைப்பாய். பள்ளி முடிந்ததும் நாம் இருவரும் நூலகத்துக்குப் பக்கத்தில் மாயக்கதைகளுக்கு மட்டும் ஒரு கடை போடுவதாகப் பேசினோம். தேறினால் நான் ஐந்து வருடம் இதைவிடத் தூரம் போவேன். போக ஆசையாக இருக்கிறது.

எந்தக் கதவு திறந்தது என்று எழுது.

ஆமை


செப்டம்பர் 26

அன்புள்ள ஆமைக்கு,

குடும்பச் செய்தி தொடர்கிறது. ஓட்டுநர் காப்பாற்றப்பட்டார். நாற்பது பெண்கள் பேருந்தைச் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொன்னார்கள், கதவு போதும் போதும் என்று மடிந்துகொண்டது. யார் என்ன சொன்னார்கள் என்பது கதவுக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரியும். நாவலில் எழுதக் கூடாது.

இப்போது நம் மாமா தெருவில் ஒரு பெண்ணின் கதை. வயது பதினேழு. வாய் மூடாது. அவளுக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. எதைச் சொன்னாலும் வேடிக்கையாகச் சொல்லிப் பழகியவள், ஊருக்கே தெரிந்த சமாச்சாரங்கள்தான் அவளிடம் இருந்தன. கதவுகள் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டன. அவள் தெருத் தெருவாக நடந்தாள். முப்பத்தொரு படி ஏறினாள், இறங்கினாள். கடைசியில் மாடி வீட்டின் கதவுக்கு முன்னால் நின்றாள். விளக்கு எரியாத வீடு.

அந்தக் கதவிடம் அவள் சொன்னது: நான் அந்தப் புத்தகத்தைச் சொன்னது ஏமாற்றுவதற்காக இல்லை. அவளுக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது, ஒரே பிரதி என்னிடம்தான் இருக்கும் என்று நினைத்துக் கேட்பாள், வீட்டுக்கு வந்தால்தான் தருவேன் என்று எழுதலாம் என்று நினைத்தேன். அவள் வருவாள் என்று நினைத்தேன். அவள் படித்துவிட்டேன் என்று எழுதியதும், என்னிடம் இருப்பது எதுவும் அவளுக்கு வேண்டாம் என்று ஆகிவிட்டது. அதனால்தான் அப்படிச் சிரித்தேன்.

கதவு ஒரு கண்ணைத் திறந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் தேறட்டும், தூரம் போகட்டும், எனக்குச் சந்தோஷம் என்று. அந்தப் பெண் எவ்வளவோ முயன்று பார்த்தாள். தேறட்டும் என்பது வரை வந்தது. மீதி வரவில்லை. பொய் சொன்னால் கதவு இறுகிவிடும் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டாள். கதவும் பாதியில் நின்றுவிட்டது. ஒரு ஆள் நுழைய முடியாது, ஒரு கை போகும்.

இதற்கு மேல் எனக்குக் கதை தெரியவில்லை.

கொசு


அக்டோபர் 9

கொசுவுக்கு,

இத்துடன் ஒரு சீட்டு இருக்கிறது. நம் அலமாரியில், கண்டக்டர் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டிவிடு. புத்தகம் எங்கே என்று நூலகர் கேட்டால், எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல். வார்டன் நேற்று இங்கே இரும்பு அலமாரியைத் திறந்து ஐந்தாம் பாகத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும்" என்றார். இளவரசி பாலத்தைத் தாண்டிவிட்டாள். அந்தப் பக்கத்திலும் அவ்வளவு ஒன்றும் இல்லை, ஆனாலும் தாண்டிவிட்டாள்.

சீட்டு:

நாவல்: கதவுகள் தூங்கும் ஊர்.
யாருக்கு: வீட்டிலும் இருப்புக்கொள்ளாமல், போகவும் முடியாமல் இருப்பவர்களுக்கு. நிஜக் கதை மட்டும் படிக்கும் பல் மருத்துவருக்கும்.
குறை: இதை எழுதியவள் முன்பு கடைசி அத்தியாயத்தில் அவசரம் என்று குறை சொன்னாள். தவறு. கடைசி அத்தியாயமே இல்லை. ஒரு கதவு பாதியில் நிற்கிறது.

பின்பக்கத்தில் உனக்கு மட்டும் எழுதியிருக்கிறேன். ஒட்டுவதற்கு முன்னால் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள். ஒரு பிரதி போதும்:

என் தண்டனை அக்டோபரோடு முடிகிறது. நவம்பர் இரண்டாம் ஞாயிறு பத்து மணிக்கு எங்கள் இரும்புக் கதவு திறக்கும். மூன்று மணி நேரம். வாசலில் நில். வராத அந்த மீதியை நேரில் சொல்ல வருகிறதா என்று பார்க்கலாம். வராவிட்டால் வேண்டாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய், அந்த அம்மாவிடம் இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்போம்.

ஒன்று மட்டும். வாசலில் நின்று அக்கா என்று கூப்பிட்டுவிடாதே. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆமை